மருத்துவர் பதில்கள்: அந்த மாத்திரை போட்டால் ஏன் கண் சொக்குகிறது?

போன இதழில் ஒரு கர்ப்பிணிக்கு, "புரோஜெஸ்டிரோன் மாத்திரை தூக்கம் கொடுக்கும், ராத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். ஏன் என்று சொல்லாமல் விட்டது தப்பு. அதைக் கேட்டு வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்துவிட்டன. கர்ப்பத்தைத் தாங்குகிற ஹார்மோனான புரோஜெஸ்டிரோனுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

எனக்கு ஏழாவது வாரம். லேசாக ரத்தக்கசிவு இருந்ததால் புரோஜெஸ்டிரோன் எழுதிக் கொடுத்தார்கள். போட்ட ஒரு மணி நேரத்தில் தலை கிறுகிறுத்து, கண் சொக்கி, நடக்கவே பயமாகிவிடுகிறது. "இது தூக்க மாத்திரைதான், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, நிறுத்து" என்கிறார் மாமியார். கர்ப்பப்பைக்குக் கொடுக்கிற மாத்திரைக்கு மூளையில் என்ன வேலை?
– வாசகி, கரூர்

உங்கள் மாமியார் பாதி சரியாகவே கவனித்திருக்கிறார். அது தூக்க மாத்திரை இல்லை, ஆனால் உடம்புக்குள் போன பிறகு அதிலிருந்து தூக்க மாத்திரை மாதிரி வேலை செய்கிற ஒரு பொருள் உண்டாகிறது. வாய் வழியாகப் போடுகிற புரோஜெஸ்டிரோனில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வேறு பொருள்களாக மாற்றிவிடும். அதில் ஒன்றின் பெயர் அலோப்ரெக்னனோலோன். பெயர் வாயில் நுழையாது, ஆனால் இந்தப் பக்கம் முழுக்க வரப்போவது அதுதான், அதனால் பழகிக்கொள்ளுங்கள்.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன. தூண்டல் மட்டுமே இருந்தால் வலிப்புதான் வரும். அதை அடக்கி வைக்க மூளையிலேயே சுரக்கிற பொருள் காபா. நரம்பணுவின் மேல்தோலில் காபாவுக்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் ஒரு துளை. காபா வந்து ஒட்டினால் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், அணு அடங்கும். பிறகு துளை மூடிக்கொள்ளும். எல்லாம் ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் நடந்து முடிகிற காரியம்.

அலோப்ரெக்னனோலோன் இந்த ஏற்பியில் காபா உட்காருகிற இடத்தில் உட்காருவதில்லை. டயஸிபாம் மாதிரி பதற்றம் தணிக்கிற மாத்திரைகள் ஒட்டுகிற இடத்திலும் இல்லை. அது கொழுப்பில் கரைகிற பொருள், அணுவின் மேல்தோலே கொழுப்புதான், அதனால் நேராக அதற்குள் புகுந்து, ஏற்பியின் புதைந்திருக்கிற பகுதியில் தனக்கென்று உள்ள பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. (அந்தப் பள்ளம் எங்கே என்று லண்டனில் கண்டுபிடித்து எழுதியது 2006ல்தான்.) காற்றில் வாசல் கதவு அடித்துச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைப்போமே, அந்த வேலை. கதவைத் திறப்பது காபா, திறந்த கதவு சீக்கிரம் மூடாமல் பார்த்துக்கொள்வது இது. அளவு மிகவும் கூடிப்போனால் காபா இல்லாமல் தானே கதவைத் திறக்கவும் செய்யும். அப்போது அது மயக்க மருந்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

உங்கள் கிறுகிறுப்புக்கு இதுதான் காரணம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயப்பட வேண்டாம், கர்ப்ப காலத்தில் உங்கள் உடம்பும் நஞ்சுக்கொடியும் இதே புரோஜெஸ்டிரோனை, இதே அலோப்ரெக்னனோலோனைத் தாங்களாகவே நாளுக்கு நாள் அதிகமாகச் செய்துகொண்டேதான் இருக்கும். மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடுங்கள், ராத்திரி எழுந்தால் சட்டென்று நிற்காதீர்கள், போட்ட பிறகு ஸ்கூட்டர் வேண்டாம். முடியவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதே மருந்தைப் பிறப்புறுப்பு வழியாக வைத்தால் முதல் சுற்றிலேயே கல்லீரலுக்குப் போகாது, மயக்கமும் குறையும். டைட்ரோஜெஸ்டிரோன் என்கிற மாத்திரை அலோப்ரெக்னனோலோனாக மாறுவதே இல்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், அது ஒன்றுதான் நான் கண்டிப்பாகச் சொல்வது.

ஸ்டீராய்டு தூக்கம் கொடுக்கும் என்றால், ஆஸ்துமாவுக்கு பிரெட்னிசோலோன் போடுகிற என் அப்பா ஏன் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார்?
– வாசகர், மதுரை

ஸ்டீராய்டு என்பது ஒரு குடும்பப் பெயர். கொலஸ்ட்ராலில் இருந்து வந்த, நான்கு வளையங்கள் ஒட்டிய வடிவம் எதுவானாலும் ஸ்டீராய்டுதான். ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்வதும் அதே குடும்பம்தான், கர்ப்பத்துக்குக் கொடுக்கிற புரோஜெஸ்டிரோனும் அதே குடும்பம்தான். ஆனால் அண்ணன் தம்பி ஒரே வேலையா பார்க்கிறார்கள்? பிரெட்னிசோலோன் கார்டிசால் என்கிற விழிப்பு ஹார்மோனின் வேலையைச் செய்வது, அது ஒட்டுகிற ஏற்பியே வேறு. அணுவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கி விடும், அதன் விளைவு மணிக்கணக்கில் நீடிக்கும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை காலையில் சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். பல வாரமாகப் போடுகிறவர் என்றால் திடீரென்று நிறுத்தவே கூடாது.

நான் பி.ஃபார்ம் படிக்கிறேன். ஹார்மோன் மூளையை மயக்கும் என்பதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
– மாணவர், சேலம்

தற்செயலாக. மன அழுத்தத்தைப் பற்றி ஆராய்ந்து பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹான்ஸ் செல்யே, கனடாவின் மாண்ட்ரீலில் எலிகளுக்கு புரோஜெஸ்டிரோனை அதிக அளவில் செலுத்தியபோது அவை மயங்கி விழுந்தன. 1941ல் அதை எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு 1970களின் தொடக்கத்தில் ஆல்ஃபாக்ஸலோன் என்கிற ஸ்டீராய்டை முக்கியப் பொருளாக வைத்து ஆல்தெஸின் என்ற மயக்க ஊசி பிரிட்டனில் வந்தது. நல்ல மருந்து. சீக்கிரம் மயக்கும், சீக்கிரம் தெளியும். ஆனால் தண்ணீரில் கரையாது. கரைப்பதற்காக ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானைச் சேர்த்தார்கள், அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்க, 1984ல் மனிதர்களுக்கான பயன்பாட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அதே 1984ல்தான் ஆல்ஃபாக்ஸலோன் காபா ஏற்பியின் வேலையைக் கூட்டுகிறது என்று லண்டனில் ஹாரிசனும் சிம்மண்ட்ஸும் எலி மூளைத் துண்டுகளில் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து, உடம்பே உண்டாக்குகிற அலோப்ரெக்னனோலோனும் அப்படித்தான் என்று அமெரிக்காவில் மஜேவ்ஸ்காவின் குழு காட்டியது. வேறு கரைப்பானோடு ஆல்ஃபாக்ஸலோன் இன்றும் இருக்கிறது, நாய் பூனைகளுக்கு மயக்க மருந்தாக.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி. பிரான்ஸின் எத்தியென்-எமீல் போலியூ. கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். எலியின் அட்ரினல் சுரப்பியையும் விரைகளையும் எடுத்த பிறகும் அதன் மூளையில் ஒரு வகை ஸ்டீராய்டு குறையாமல் இருப்பதை 1981ல் அவரது குழு எழுதியது. சுரப்பிகள் இல்லை, ஆனால் பொருள் இருக்கிறது என்றால் மூளையே செய்கிறது என்றுதானே அர்த்தம்? நியூரோஸ்டீராய்டு என்ற பெயர் அவர் வைத்தது. எல்லா நியூரோஸ்டீராய்டும் அடக்காது என்பதும் தேர்வுக்கு மட்டுமல்ல, புரிதலுக்கும் முக்கியம். பிரெக்னெனோலோன் சல்ஃபேட், டிஹெச்இஏ சல்ஃபேட் போன்றவை இதே காபா ஏற்பியை மட்டுப்படுத்தி, மூளையைக் கிளப்பிவிடும்.

என் பெண்ணுக்கு 19 வயது. வலிப்பு நோய்க்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள். ஆனாலும் மாதவிலக்குக்கு முந்தின நாளோ அன்றைக்கோ வலிப்பு வந்துவிடுகிறது. டாக்டரிடம் சொன்னால் "அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றுவிட்டார். சொந்தக்காரர்கள் தீட்டு, காற்று என்று என்னென்னவோ சொல்கிறார்கள்.
– ஒரு தாய், திருநெல்வேலி

சம்பந்தம் இருக்கிறது அம்மா. நீங்கள் கண்ணால் பார்த்தது சரி. மாதவிலக்கை ஒட்டி வலிப்பு கூடுவது வலிப்புள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு. இங்கிலாந்து அரசி விக்டோரியாவுக்குப் பிரசவம் பார்த்த சார்லஸ் லோகாக் 1857லேயே, மாதவிலக்கோடு சேர்ந்து வருகிற வலிப்புக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். வலிப்புக்கு முதன்முதலில் உருப்படியாக வேலை செய்த மருந்தே அப்படித்தான் வந்தது.

மாதத்தின் பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் ஏறுகிறது, அதோடு அலோப்ரெக்னனோலோனும் ஏறி, நான் மேலே சொன்ன கதவுக்கு முட்டுக்கொடுத்து மூளையை அமைதியாக வைக்கிறது. விலக்குக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் இரண்டும் சட்டென்று இறங்கிவிடும். முட்டுக்கல்லை எடுத்த மாதிரி. வலிப்புக்கு ஏற்கெனவே வாகான மூளை என்றால் அந்த இறக்கத்தில் மாட்டிக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜனோ பொதுவாக மூளையைக் கிளப்புகிற பக்கம், அதன் பங்கும் இதில் உண்டு.

தீட்டும் இல்லை, காற்றும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு மாதக் காலண்டரை எடுத்து விலக்கு நாளை ஒரு நிறத்திலும் வலிப்பு வந்த நாளை இன்னொரு நிறத்திலும் மூன்று மாதத்துக்குக் குறித்து, அதை நரம்பியல் மருத்துவர் முன்னால் விரித்து வையுங்கள். வாயால் சொல்வதை ஒதுக்குகிறவர்கள்கூட காலண்டரைப் பார்த்தால் யோசிப்பார்கள். வழக்கமான மாத்திரையோடு அந்தச் சில நாள்களுக்கு மட்டும் குளோபஸாம் என்கிற வலிப்பு மாத்திரையைச் சேர்ப்பது 1980களிலிருந்தே இருக்கிற வழி. புரோஜெஸ்டிரோனையே கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2012ல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெரியவில்லை, ஆனால் விலக்கை ஒட்டி வலிப்பு மிகவும் கூடுகிறவர்களுக்குப் பலன் இருந்தது. உங்கள் பெண் அந்த வகையா என்பதையும் காலண்டர்தான் சொல்லும். இப்போது சாப்பிடுகிற மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னால் நான் நானாகவே இருப்பதில்லை. அழுகை, ஆத்திரம், செத்துவிடலாமா என்கிற நினைப்பு. விலக்கு ஆன இரண்டாம் நாள் எல்லாம் மாயமாகிவிடும். ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று, நார்மல் என்கிறார்கள். அப்படியானால் எனக்குத் திமிரா?
– வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. முதலில், சாவு நினைப்பு வருகிற நாள்களில் தனியாக இருக்காதீர்கள், மனநல மருத்துவரை இந்த மாதமே பாருங்கள், காத்திருக்க வேண்டாம்.

டெஸ்ட் நார்மல் என்பது உண்மைதான், அதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 1998ல் வெளிவந்தது. உங்களைப் போன்ற பெண்களுக்கும், அந்தத் தொந்தரவே இல்லாத பெண்களுக்கும் மருந்து கொடுத்துச் சினைப்பையின் ஹார்மோனை நிறுத்தினார்கள். பிறகு இரண்டு கூட்டத்துக்கும் ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ ஒரே அளவில் திரும்பக் கொடுத்தார்கள். தொந்தரவு உள்ளவர்களுக்கு மட்டும் மனம் கலங்கியது, மற்றவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதாவது ஹார்மோனின் அளவில் கோளாறு இல்லை, அந்த ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொள்கிற மூளையில்தான் வித்தியாசம். ரத்தத்தை எத்தனை முறை குத்தி எடுத்தாலும் அது தெரியாது.

காபா ஏற்பி ஒரே அச்சில் வார்த்தது இல்லை. 19 வகைத் துண்டுகள் இருக்கின்றன, அதிலிருந்து ஐந்தைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் ஒவ்வொரு ஏற்பியும் உண்டாகிறது. டெல்டா என்கிற துண்டு சேர்ந்த ஏற்பிகளுக்கு அலோப்ரெக்னனோலோன் கொஞ்சம் இருந்தாலே போதும், உடனே உறைக்கும். ஹார்மோன் ஏறி இறங்க, எந்தத் துண்டை எவ்வளவு வைப்பது என்பதை மூளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றம் சரியாக ஒத்துப்போகவில்லை என்றால் அமைதிப்படுத்த வேண்டிய பொருளே பதற்றத்தைக் கூட்டலாம். பருவமடைகிற வயதுப் பெண் எலிகளில் இப்படித் தலைகீழாக நடப்பதை நியூயார்க்கில் ஷெரில் ஸ்மித்தின் குழு 2007ல் காட்டியது. பருவ வயதுப் பிள்ளைகளின் எரிச்சலைப் பார்த்து "கொழுப்பு" என்று சொல்வதற்கு முன்னால் நான் இப்போதெல்லாம் அந்த எலிகளை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தொந்தரவுக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013ல் தனி நோயாகவே இடம் கொடுத்துவிட்டது. சிகிச்சை உண்டு. ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் வழக்கமான மனச்சோர்வில் வேலை செய்ய வாரக்கணக்கு எடுக்கும், இதில் சில நாள்களிலேயே பலன் தெரியும். அதனால்தான் பலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும் கொடுக்கிறார்கள்.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரம். தூங்குவதில்லை, குழந்தையைப் பார்த்தால் எந்த உணர்ச்சியும் இல்லை என்கிறாள், தான் நல்ல தாய் இல்லை என்று அழுகிறாள். இங்கே டாக்டர் சுரனோலோன் என்று 14 நாள் மாத்திரை எழுதியிருக்கிறார். ஊரிலிருந்து அம்மா போனில், "நாங்கெல்லாம் பெக்கலையா? பச்சை உடம்புக்காரிக்கு மாத்திரை எதுக்கு?" என்கிறார். அவருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?
– வாசகி, நியூஜெர்சி

அம்மாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் மகளின் வயிற்றில் பிள்ளை இருந்தவரை நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரோனைச் சுரந்து தள்ளியது, கடைசி மூன்று மாதத்தில் அலோப்ரெக்னனோலோன் உச்சத்தில் இருந்தது. அத்தனை அடக்கும் பொருள் இருக்கும்போது மூளை சும்மா இருந்தால் ஒன்பது மாதமும் மயக்கத்திலேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் அது ஏற்பிகளை, முக்கியமாக டெல்டா வகையை, குறைத்து வைத்துச் சமாளிக்கும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பிறகு குழந்தை வெளியே வந்தது, நஞ்சுக்கொடியும் விழுந்தது. சில நாள்களுக்குள் ஹார்மோன் அடியோடு இறங்கிவிட்டது. குறைத்து வைத்த ஏற்பிகளை மூளை அதே வேகத்தில் திரும்பக் கூட்டியாக வேண்டும். பெரும்பாலான தாய்மாருக்கு அது நடந்துவிடுகிறது, முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுதுவிட்டுத் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு நடப்பதில்லை.

கலிஃபோர்னியாவில் ஜேமி மகுவையரும் இஸ்த்வான் மோடியும் 2008ல் டெல்டா துண்டு இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரண நாளில் அவை நன்றாகத்தான் இருந்தன. குட்டி போட்டதும் கூடு கட்டவில்லை, குட்டிகளை அண்டவிடவில்லை, சில தாய்கள் குட்டிகளைத் தின்னவும் செய்தன. அந்த ஏற்பியைத் தூண்டுகிற மருந்து கொடுத்ததும் குட்டிகள் பிழைப்பது கூடியது. எலிக்குத் தாய்ப்பாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? மூளையில் ஒரு புரதத் துண்டு இல்லை, அவ்வளவுதான். இந்த ஆய்வை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது பிரசவ வார்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த ஒரு பெண்ணை "பிள்ளைக்குப் பால் கொடுக்க அடம் பிடிக்கிறாள்" என்று நாங்கள் எல்லோரும் அதட்டினோம். நானும்தான்.

நீங்கள் பெற்றீர்கள், உண்மை. உங்கள் காலத்திலும் இது இருந்தது, பெயர்தான் இல்லை. இந்தியத் தாய்மார் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 38 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 சதவீதம் பேருக்கு இருப்பதாக 2017ல் வெளிவந்தது. ஐந்தில் ஒருவர்.

இனி தங்கைக்கு. முதலில் வந்தது பிரெக்ஸனோலோன், அலோப்ரெக்னனோலோனேதான், ஊசி மருந்தாக. 2019ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து 60 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது, விலையும் அப்போது 34,000 டாலர். சுரனோலோன் அதே வழியில் வேலை செய்கிற மாத்திரை, 2023 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. வழக்கமாக 50 மில்லிகிராம், தினமும் சாயங்காலம், 14 நாள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் ரசம் சாதத்தோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஆய்வில் மூன்றாம் நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. தூக்கமும் மயக்கமும் வரும், ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 12 மணி நேரத்துக்குக் கார் ஓட்டக் கூடாது, ராத்திரி குழந்தையைத் தூக்க வேறு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தாய்ப்பாலில் கொஞ்சம் கலக்கும், பால் கொடுப்பதை எப்படி வைத்துக்கொள்வது என்று அந்த டாக்டரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். செர்ட்ராலின், பேச்சு சிகிச்சை போன்ற பழைய வழிகளும் நல்ல வழிகள்தான். குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று குரல் கேட்கிறது, யாரோ வருகிறார்கள் என்று அவள் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் இது வேறு நோய், அந்த நிமிடமே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.

முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைடு போட்டு மூன்று மாதம். மனசு எதிலும் ஒட்டவில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், சென்னை

இருக்கலாம், அதனால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். ஃபினாஸ்டரைடு தடுப்பது 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்கிற நொதியை. டெஸ்டோஸ்டிரோனை முடியை உதிர்க்கிற வடிவத்துக்கு மாற்றுவது அந்த நொதிதான், ஆனால் புரோஜெஸ்டிரோனை அலோப்ரெக்னனோலோன் ஆக்குகிற முதல் படியும் அதே நொதிதான். ஆண்களுக்கும் புரோஜெஸ்டிரோன் உண்டு. இந்த நொதியில் வகைகள் இருக்கின்றன, மாத்திரை எல்லா வகையையும் ஒரே மாதிரி தடுப்பதில்லை, அதனால் மனச்சோர்வு இந்த வழியாகத்தான் வருகிறது என்பது முடிவான விஷயம் இல்லை. ஆனால் தற்கொலை எண்ணம் இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025ல் உறுதிப்படுத்தியது. தலைமுடிக்காகப் போடுகிற மாத்திரையை நிறுத்தி, பதிலாக வேறு பார்க்கலாம். டாக்டர் என்ன சொல்வாரோ என்று கூச்சப்பட்டுத் தொடர்ந்து விழுங்காதீர்கள்.

எனக்கு எட்டாவது மாதம். என் அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தது. எனக்கும் வருமா என்று முன்கூட்டியே ரத்தத்தில் பார்க்க முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

ரத்தத்தில் பார்க்கிற டெஸ்ட் வழக்கத்தில் இல்லை. அதற்குப் பதில் எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாள் இருக்கிறது, 1987ல் வந்தது, ஐந்து நிமிடத்தில் முடியும். கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. பிரசவத்துக்குப் பிறகு தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுபோகும் ஆறாவது வாரத்தில் அதைக் கேட்கச் சொல்லி நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். அக்காவுக்கு வந்ததையும் இப்போதே உங்கள் மருத்துவ அட்டையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழில் பேசலாம். அந்த எண்ணை உங்கள் கணவரின் போனிலும் இன்றைக்கே ஏற்றிவையுங்கள்.